மூச்சு படும் தூரம்

நாச்சிமுத்துவுக்கு நுரையீரலில் கேன்சர் என்பது கரூரில் அவருடைய மகன் நவநீதனுக்கும் மருமகள் மிதுனாவுக்கும் தெரியும். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தெரியும். ஈரோட்டுச் சித்தப்பாவுக்கும், அவர் வாய் வழியாக அவருடைய சம்பந்தி வீட்டுக்கும் தெரியும். எதிர்வீட்டு அக்காவுக்குக் கூடத் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் நாச்சிமுத்துதான். அவருக்கு நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அவரும் நம்பிவிட்டார். பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் காலமெல்லாம் ஸ்பிரே பெயிண்ட் அடித்தவர் அவர். பஸ்ஸெல்லாம் பேட்டரிக்கு மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் பெயிண்ட் இல்லாத பஸ்ஸை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அத்தனை பஸ்ஸுக்கும் அடித்தவனுக்குச் சளி பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும் என்று அவரே வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நவநீதன் மறைத்ததற்கும் காரணம் இருந்தது. அவனுடைய பெரியப்பாவிடம் ஒரு டாக்டர் கேன்சர் என்று முகத்துக்கு நேராகப் போட்டு உடைத்தார். அன்றைக்குப் படுத்த பெரியப்பா அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நோய் கொன்றதா, சேதி கொன்றதா என்று குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, சேதிதான். ஆகவே கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்து புது மருந்தும் மிஷினும் கொண்டுவருகிற பெண்ணுக்கு முன்கூட்டியே போன் போட்டு, "மேடம், அப்பா முன்னால அந்த வார்த்தை மட்டும் வேண்டாங்க" என்று கேட்டுக்கொண்டான். மருந்துப் பெட்டி வந்ததும் அதற்குள் இருந்த விளக்கத்தாளைப் படிக்காமலே கிழித்துக் குப்பையில் போட்டான், அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார் என்ற பயத்தில்.

வந்த பெண்ணின் பெயர் ஜெஸிந்தா. இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இந்த வேண்டுகோள் வருவதால் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஹாலில் உட்கார்ந்து மிஷினைப் பிரித்தாள். பார்ப்பதற்குச் சாதாரண நெபுலைசர் மாதிரிதான் இருந்தது. எதிர்வீட்டு அக்கா வேடிக்கை பார்க்க வந்து சோபாவில் நன்றாக உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, இந்த மருந்து ஒரு புரதம். ஊசியில போட்டா ரத்தத்துலயே சிதைஞ்சு போயிடும். போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேராது. அதனால நானோ துகள்னு கண்ணுக்கே தெரியாத உருண்டை செஞ்சு, அதுக்குள்ள மருந்தை வெச்சிருக்காங்க. நீங்க மூச்சு இழுத்தா நேரா நெஞ்சுக்குள்ள போயிடும்."

"அத்தனை பொடுசா இருந்தா, எங்க போவோணும்னு அதுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றார் நாச்சிமுத்து.

"உருண்டை மேல ஒரு கொக்கி இருக்கு. அந்தக் கெட்ட..." ஜெஸிந்தா ஒரு விநாடி நின்றாள். "கெட்ட சளி மேல ஒரு அடையாளம் இருக்கும். அதைத் தேடிப் போய் மாட்டிக்கும். மாட்டுனதும் உள்ள இருக்கற மருந்து எறங்கிடும். நல்ல எடத்தைத் தொடாது."

"சளியில நல்ல சளி வேற இருக்குதா?" என்று சிரித்தார். எதிர்வீட்டு அக்காவும் சிரித்தாள். நவநீதன் மட்டும் சிரிக்கவில்லை.

"மருந்து இழுக்கறப்ப தனி ரூம்ல உக்காரணும். முடிஞ்ச பெறகும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தியே வெச்சுக்கங்க. நீங்க வெளிய விடற மூச்சுல கொஞ்சம் மருந்து வரும்."

"வந்தா என்னாகுங்க?"

ஜெஸிந்தா நவநீதனைப் பார்த்தாள். அவன் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்று அர்த்தம்.

"பக்கத்துல இருக்கறவங்களுக்கு இருமல் வரும்" என்று சமாளித்தாள். பிறகு கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வீட்ல யாராவது பிரக்னன்ட்டா இருக்காங்களா?"

மிதுனாவுக்கு அப்போது மூன்றாம் மாதம் முடியவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கியது. ஊரில் இருந்த அம்மா போனிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், மூன்று மாதம் முடிகிறவரைக்கும் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது, மாமனாரிடம் கூட. கண் படும். தங்காமல் போய்விட்டால் ஆளாளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதோ எதிர்வீட்டு அக்கா சோபாவில் இருக்கிறாள். அவளுக்கு ஒன்று தெரிந்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். மிதுனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லைங்க மேடம்" என்றான் நவநீதன்.

ஜெஸிந்தா எதையோ தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அந்தக் கேள்வியை ஏன் கேட்டாள் என்று சொல்ல வேண்டுமானால் கேன்சர் என்ற வார்த்தை இல்லாமல் சொல்ல முடியாது. சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரரே கேட்டுக்கொண்டார். யாரும் இல்லை என்றான பிறகு அந்தப் பேச்சு எதற்கு என்று அவள் விட்டுவிட்டாள். நம் குடும்பங்களில் ஒரு நல்லது கெட்டதை மறைப்பது என்றால் எல்லோரும் எப்படித்தான் இத்தனை ஒற்றுமையாகிவிடுகிறார்களோ தெரியவில்லை. அன்றைக்கு அந்த ஹாலில் இரண்டு சமாச்சாரங்கள் மறைக்கப்பட்டன, இரண்டுமே நல்ல எண்ணத்தில்தான்.

நாச்சிமுத்து கொஞ்ச நாள் சொன்னபடி ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மருந்து இழுத்தார். பிறகு அலுத்துப்போயிற்று. பட்டறையில் பத்துப் பேரோடு கத்திப் பேசிக்கொண்டே வேலை பார்த்த மனுஷன் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவார்? ஒரு நாள் காலையில் மிஷினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, மிக்ஸியைப் பிடுங்கிவிட்டு அதே பிளக்கில் மாட்டினார். வாசற்படி ஓரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முகமூடியை மாட்டிக்கொண்டார்.

"மாமா, ரூம்ல உக்காரச் சொன்னாங்கல்லங்க" என்றாள் மிதுனா.

"இருமல் வரும்னுதான அந்தப் புள்ள சொல்லுச்சு? உனக்கு இருமலா வருது?"

"இல்லைங்க மாமா."

"அப்பறம் என்ன? வெங்காயத்தை இக்கட்ட தள்ளு."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். முகமூடிக்குள்ளிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருக்கும், அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவார். பழனி போகிற பஸ்ஸுக்கு மயில் வரைந்தபோது கால் ஒன்று கூடிப்போனதையும், முதலாளி வந்து நின்று எண்ணும்வரை அது யார் கண்ணிலும் படாததையும் சொல்லுவார். மிதுனாவுக்குத் தாளிக்கிற வாசம் குமட்டிக்கொண்டு வரும். அவர் அதைப் பார்த்துவிட்டு, "கேஸ் தொந்தரவா அம்மிணி? தள்ளு, நான் தாளிக்கறேன்" என்று முகமூடியோடேயே வந்து அடுப்படியில் அவள் பக்கத்தில் நிற்பார். மிதுனாவுக்கு அது பிடித்திருந்தது. பிறந்த வீட்டில் அவளுடைய அப்பா சமையலறைப் பக்கம் வந்ததே இல்லை. இவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் வாய்வரை வந்தது. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று அடக்கிக்கொண்டாள்.

அந்தக் கொஞ்ச நாள் வரவில்லை. ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்தவளை நவநீதன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சில சமயம் இப்படி ஆகும், காரணம் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். மாமனாரிடம், மிதுனாவுக்குக் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

இருக்கிறது என்று யாருக்கும் சொல்லாததை, இல்லாமல் போயிற்று என்று மட்டும் எப்படிச் சொல்வது? துக்கம் கேட்க யாரும் வரவில்லை. அம்மா வந்து ரெண்டு நாள் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, "நல்லவேளை, யாருக்கும் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனாள். மிதுனா அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், சாப்பிட்டோமா இல்லையா என்று யோசித்துப் பார்த்தால் ஞாபகம் வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. நவநீதன் ஆபீஸ் விட்டு வந்து பக்கத்தில் உட்காருவான், ஏதாவது சொல்லப் பார்ப்பான், பிறகு போனை எடுத்துக்கொள்வான். நாச்சிமுத்து மட்டும் கடைத்தெருவுக்குப் போய் ஆட்டுக்கால் வாங்கிவந்து, அவரே சூப் வைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

"கட்டி எடுத்த ஒடம்பு. தெம்பு வேணும் கண்ணு, குடி."

குடித்தாள். சுடுகிறதா ஆறிவிட்டதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

நாச்சிமுத்துவைக் கோயமுத்தூருக்குச் சோதனைக்குக் கூட்டிப் போகிற நாள் வந்தது. மூவரும் போனார்கள். அவருக்கு இருமல் நின்று, மாடிப்படி ஏறினால் இளைப்பதும் குறைந்திருந்தது. ஸ்கேன் எடுத்து முடிந்ததும் டாக்டர் அவரையும் நவநீதனையும் உள்ளே கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் மிதுனா இருந்தாள். ஜெஸிந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பாதிக்கு மேல சுருங்கிடுச்சுங்க. இவ்வளவு சீக்கிரம் கேக்கும்னு டாக்டரே எதிர்பாக்கல" என்றாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

மிதுனாவும் சிரிக்க முயன்றாள். பிறகு, எதற்குக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டாள். "மேடம், அன்னைக்கு வீட்ல யாராச்சும் மாசமா இருக்காங்களான்னு கேட்டீங்கல்ல. அது ஏனுங்க?"

"அதுவா? அன்னைக்கு ஐயா முன்னாடி விவரமா சொல்ல முடியல. அந்தக் கொக்கி ஒரு அடையாளத்தைத் தேடிப் போகும்னு சொன்னேனில்ல? அது கேன்சரோட சொந்த அடையாளம் இல்லைங்க. வயித்துல கொழந்தை உண்டாகறப்ப நஞ்சுக்கொடி ஒண்ணு வளருதில்ல, அதுல இருக்கற அடையாளம். அம்மா ஒடம்புக்குள்ள எடம் புடிச்சு வேகமா வளர்றதுக்கு நஞ்சுக்கொடிக்கு அந்த அடையாளம் வேணும். நல்லா வளந்த ஒடம்புல வேற எங்கயும் அது இருக்காது. கேன்சர் அதைத்தான் எடுத்து மாட்டிக்குது. அதனாலதான் இந்த மருந்து மத்த எடத்தைத் தொடாம இதை மட்டும் புடிக்குது."

"நஞ்சுக்கொடியைப் பாத்தா?"

"அதையும் புடிச்சுக்கும். நெஞ்சுல மாட்ட எடம் இல்லைன்னா உருண்டை ரத்தத்துல கலந்து அங்க வரைக்கும் போயிடும். இது யாரோடது, அது யாரோடதுன்னு கொக்கிக்குத் தெரியாதே. அதான் ரூம், கதவு எல்லாம். ஒரே ரூம்ல தெனம் இருந்தா விடற மூச்சே போதும்." ஜெஸிந்தா திரும்பி அவளைப் பார்த்தாள். "ஏங்க, இப்ப யாராவது...?"

"இல்லைங்க. சும்மாதான் கேட்டேன்."

கோபம் வரவேண்டும் என்று மிதுனாவுக்குத் தோன்றியது. யார் மேல் கோபப்படுவது? அம்மா சொன்னது ஊரில் எல்லா அம்மாவும் சொல்கிறதுதான். நவநீதன் இல்லை என்று சொன்னதும் அவளுக்காகத்தான். ஜெஸிந்தா அவர்கள் கேட்டபடி நடந்துகொண்டாள். மாமாவோ பாவம், அவள் பக்கத்தில் நின்று தாளித்தார். தானும் வாயை மூடிக்கொண்டுதானே நின்றோம் என்ற இடத்தில் வந்து யோசனை நின்றுபோயிற்று. திரும்பி வருகிற வழியில் காங்கேயத்தில் காரை நிறுத்தி நாச்சிமுத்து பஜ்ஜி வாங்கித் தின்றார். சளி பாதி கரைந்துவிட்டதாம் என்று பஜ்ஜிக்காரரிடம் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மிதுனா கணவனிடம் சொன்னாள். "ஏனுங்க, மாமாகிட்ட உண்மையைச் சொல்லிரலாங்க."

"இப்பவா? நல்லாயிட்டு வர்றப்பவா? பெரியப்பாவை மறந்துட்டயா மிது?"

ஜெஸிந்தா சொன்னதை அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் 'இல்லைங்க மேடம்' என்று தான் சொன்னது அவனுக்கு ஞாபகம் வரும். அப்புறம் அவன் அதிலிருந்து எழுந்திருக்க மாட்டான். தனக்கு மரத்துப் போனதோடு போகட்டும் என்று அவள் நினைத்தாள்.

ஆனால் முகமூடியைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலையில் நாச்சிமுத்து ஸ்டூலைப் போட்டதும், "மாமா, ரூம்லயே இழுங்க. எனக்கு அந்தப் புகை ஒத்துக்கலைங்க" என்றாள். இனிமேல் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்காமல் மிஷினை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு வெங்காயம் உரிக்கவும் வரவில்லை. சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு வெங்கமேட்டில் இருக்கும் ரங்கசாமி வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். ரங்கசாமி அதே பட்டறையில் தகடு தட்டுகிற டிங்கர் வேலை பார்த்தவர், பழைய கூட்டாளி.

ஒரு சாயங்காலம் மிதுனா மாமனாருடைய ரூமைக் கூட்டப் போனபோது மேஜை மேல் மிஷினைக் காணவில்லை. மருந்துக் குப்பிகளையும் காணவில்லை. அவருக்குப் போன் போட்டாள்.

"நான் ரங்கசாமி ஊட்ல இருக்கறேன் அம்மிணி. அவனும் கெடந்து இருமறான். எனக்குக் கேட்ட மருந்து அவனுக்குக் கேக்காதா? நாலு இழுப்பு இழுத்துப் பாக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன். அவம் புள்ள கவுசல்யா காப்பி போட்டுட்டு இருக்கறா. போன வாரந்தான் வளைகாப்புப் போட்டு, பிரசவத்துக்குக் கூட்டியாந்தாங்க. காப்பியைக் குடிச்சுப்போட்டு ஆரம்பிக்கோணும்."

"மாமா, மிஷினைப் போடாதீங்க."

"ஏன்?"

"போடாதீங்க மாமா. நான் வர்றேன்."

எந்த வழியாக வண்டி ஓட்டிப் போனாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. ரங்கசாமி வீட்டு ஹாலில் மிஷின் பிளக்கில் மாட்டித் தயாராக இருந்தது. ரங்கசாமி முகமூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுசல்யா கை நிறைய வளையலோடு காப்பித் தட்டைக் கீழே வைக்க முடியாமல் குனிந்துகொண்டிருந்தாள். மிதுனா நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சுங்க. இந்த மருந்துல ஏதோ கோளாறாம். யாரும் தொடக் கூடாதுன்னு சொல்றாங்க."

"அட, நல்ல நேரத்துல வந்தே சாமி" என்று ரங்கசாமி முகமூடியைக் கீழே வைத்தார்.

"அக்கா, மொதத் தடவ ஊட்டுக்கு வர்றீங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள் கவுசல்யா. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிரித்தபடி நின்றாள். அந்த வயிற்றைப் பார்த்தால் தாங்காது என்று வழியெல்லாம் மிதுனா பயந்துகொண்டு வந்திருந்தாள். பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

நாச்சிமுத்து மிஷினை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவள் தோளைத் தட்டினார்.

"ஏம் அம்மிணி, மருந்து கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு நான் எதை இழுக்கறது? எனக்கும் வேண்டாமா?"

இதை அவள் யோசிக்கவில்லை. அவர் இழுத்தே ஆக வேண்டும். கெட்டுப்போனது என்றும் சொல்லிவிட்டு, இழுங்கள் என்றும் எப்படிச் சொல்வது? இதற்கு இன்னொரு பொய் தேட வேண்டும். தேடினாள், கிடைக்கவில்லை. கிடைத்தாலும் இந்த மனிதர் நாளைக்கு வேறொரு கூட்டாளி வீட்டுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போவார். பெரியப்பா படுத்த கட்டிலும் மனதில் வந்து போயிற்று. அமராவதிப் பாலத்தைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"மருந்து நல்லாத்தான் இருக்குதுங்க மாமா. உங்களுக்கு இருக்கறது சளி இல்லைங்க."

அவர் வண்டியை விட்டு இறங்கினார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அவர் அடித்த பஸ்ஸோ என்னவோ, ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"கேன்சரா?"

"ஆமாங்க."

"பாதி கரைஞ்சிருச்சுன்னாங்களே. அதாச்சும் நெசமா?"

"அது நெசங்க மாமா. சத்தியமா நெசம்."

வேப்பமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். மிதுனாவுக்கு அவர் விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. விழவில்லை. "உங்க மாமியாருக்கு வந்தப்ப நானும் அல்சர்னுதான் சொன்னேன்" என்றார். "கடைசி வரைக்கும் அல்சர் மாத்திரைன்னே முழுங்குனா. நம்புனாளோ, எனக்காவ நம்பற மாதிரி இருந்தாளோ." பிறகு அவளைப் பார்த்தார். "அது சரி. இதுக்கு எதுக்கு ரங்கசாமி ஊட்ல வந்து பொய் சொன்னே?"

"நீங்க விடற மூச்சுல அந்த மருந்து வருதுங்க. மாசமா இருக்கறவங்களுக்கு அது ஆகாதுங்க. கொழந்தை தங்காது."

"ஐயோ. அந்தக் கவுசல்யா புள்ள..." பெட்டியை வண்டியின் சீட்டில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், பெயிண்ட் ஒட்டியிருப்பதைப் போல. "அதுக்குத்தான் கதவைச் சாத்திக்கச் சொன்னாங்களா? யாராச்சும் எனக்கு வெவரம் சொல்லியிருந்தா நான் ரூமை விட்டு வெளிய வந்திருப்பனா? நான் பாட்டுக்கு அடுப்படியில வந்து, உன்ற பக்கத்துலயே நின்னுட்டு..."

அப்படியே நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மிதுனா அசையாமல் நின்றாள். மரத்துப் போனதற்குள் எங்கேயோ முதல் தடவையாக வலித்தது.

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். அவர் முகம் தெளிந்தது.

"எதோ சாமி புண்ணியம் அம்மிணி. நல்ல வேளைக்கு நம்மூட்ல அந்த மாதிரி யாரும் இல்லாம போனாங்க."

"ஆமாங்க மாமா" என்றாள் மிதுனா.